நெல்லித்தோப்பு எண்ணெயும் என் வயிற்றெரிச்சலும்

போன மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உளவியலாளர்.

"சார், கவனம் நிக்காத பசங்களோட அப்பா அம்மாங்க இப்பல்லாம் கைல போனோடதான் வர்றாங்க. மீன் எண்ணெய் மாத்திரை குடுக்கலாமா, சர்க்கரைய நிறுத்தலாமா, குதிரை ஏத்தலாமான்னு கேக்கறாங்க. நாம சொல்றது எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?"

"பொறாமைப்பட்டுதாம்மா" என்றேன்.

சிரித்தாள். உண்மையைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் சிரித்துவிடுவது என் ஜாதக அமைப்பு. அதனால் அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தால் கொஞ்சமாவது நம்புவாள்.

நான் உளவியல் படித்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. டாக்டராக மதிப்பெண் போதவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கமும் வரும். பெங்களூரில் படித்து முடித்துவிட்டு புதுச்சேரிக்குத் திரும்பினேன். அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் பிரிவின் கடைசி அறையைக் காட்டி, "இதான் உங்க இடம்" என்றார்கள். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பீரோ நிறைய மரக்கட்டைகள். கட்டைகளை அடுக்கச் சொல்லித்தான் நான் குழந்தைகளைச் சோதிப்பேன். தாய்மார்கள் என்னைக் 'கட்டை சார்' என்பார்கள். அது கட்டைகளை வைத்துச் சொன்னதா, என் உயரத்தை வைத்துச் சொன்னதா என்று ஓய்வு பெறும்வரை நான் விசாரிக்கவில்லை.

எங்கள் தலைமை மருத்துவரைப் பெரியவர் சிறியவர் எல்லாரும் 'மதாம்' என்போம். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பருத்திப் புடவை கட்டி, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார். ஆண் ஊழியர்கள் எல்லாரும் அவருக்கு 'முசே', அதாவது பிரெஞ்சில் 'ஐயா'. அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேசையைத் தொடும் சத்தத்துக்கு நான் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

அவரிடம் கற்ற இரண்டு காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எடை பார்ப்பது. ஓரிடத்தில் நிற்காத குழந்தையை எடைக்கருவிமேல் நிற்க வைப்பது கஷ்டம். தாய் திட்டுவாள், ஆயாம்மா பிடித்து அழுத்துவார், முள் ஆடும். மதாம் யாரையும் பிடிக்க விடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தாமே ஏறுவார். "எவ்ளோ காட்டுது, படிச்சுச் சொல்லு." குழந்தை குனிந்து படித்துச் சொல்லும். "அவ்ளோவா! ஐயோ. முசே, நீங்க ஏறுங்க." நான் ஏறுவேன். என் எடையைக் கேட்டுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்குப் பிறகு அதுவே ஏறி, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த வகையில் என் தொப்பை மருத்துவ சேவை செய்திருக்கிறது.

இரண்டாவது, கதவுக் கேள்வி. "வேற மருந்து ஏதாவது குடுக்கறீங்களா?" என்று மேசைக்கு எதிரில் வைத்துக் கேட்டால், எந்தத் தாயும் "ஐயய்யோ, இல்லீங்க" என்றுதான் சொல்வாள். மதாம் தலையாட்டிக்கொள்வார். எல்லாம் முடிந்து, அவள் எழுந்து போய், கதவின் கைப்பிடியைத் தொட்டதும், கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலை நிமிராமல் கேட்பார்: "அலோர்... வேற யார்கிட்ட காட்டறீங்க?"

'அலோர்' என்றால் பிரெஞ்சில் 'அப்புறம்'. காட்டுகிறீர்களா என்று கேட்கமாட்டார். யாரிடம் என்றுதான் கேட்பார். பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் அந்த நேரத்தில் பொய்யை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். வில்லியனூரில் மந்திரிப்பது, கடலூரில் தாயத்து எல்லாம் வெளியே வரும். மதாம் திட்டமாட்டார். குறித்துக்கொள்வார்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. கதவருகே வரும் பதில்கள் எல்லாம் மெல்ல மெல்ல ஒரே பதிலாக மாறின: "நெல்லித்தோப்புல எண்ணெய் ஊத்தறோங்க." ஊருக்குள்ளேயே இருக்கிற அந்தப் பேட்டையில் குமரவேல் என்று ஒருவர். பரம்பரை வைத்தியசாலை. கவனம் நிற்காத பிள்ளைகளைப் படுக்க வைத்து, நெற்றியில் மூலிகை எண்ணெயைத் தாரையாக விடுகிறாராம். எங்கள் பெஞ்சு பதினோரு மணிக்கே காலியாகிவிடும். அங்கே வாசலில் செருப்பு வைக்க இடமில்லையாம். என்னிடம் முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பேசுகிற அம்மாக்கள், அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். "தங்கமான மனுசன் சார். கோவமே படமாட்டாரு. நல்லா முடி வேற அவருக்கு."

கடைசி வாக்கியம் எனக்குத் தேவையா? எனக்கு அப்போதே நடுமண்டையில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேவு பார்க்கக் கிளம்பினேன். இல்லாத அண்ணன் ஒருவருக்கு இல்லாத பையன் ஒருவனை உண்டாக்கிக்கொண்டேன்.

குமரவேல் என்னைவிட இளையவர். வெள்ளை ஜிப்பா. அந்த முடி, சொன்னதைவிட அதிகமாகவே இருந்தது. "பையன் எப்படிங்க?" என்றார்.

பையனைப் பற்றி நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு இடத்தில் உட்காரமாட்டான். எப்போதும் காலை ஆட்டுவான். போன இடத்திலெல்லாம் குடையை மறந்து வைத்துவிட்டு வருவான். நாம் பேசி முடிக்குமுன்னே பதில் சொல்வான்.

அவர் ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தார். "பையன் அப்பறமா வரட்டும் சார். மொதல்ல நீங்க படுங்க."

படுத்தேன். வெதுவெதுப்பாக எண்ணெய் நெற்றியில் விழுந்தது. வெட்டிவேரும் என்னவென்று தெரியாத ஒரு கசப்பும் கலந்த வாசனை. எதிராளியின் மோசடியை அம்பலப்படுத்தக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்ததுதான் ஞாபகம். அடுத்த ஞாபகம், யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்டு விழித்தது. என் குறட்டைதான்.

எழுந்ததும் பத்தியம் சொன்னார். "ஒரு மண்டலம் மீன், முட்டை கூடாது சார். ராத்திரில தயிர் கூடாது. மீனு மட்டும் கூடவே கூடாது."

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, யாரு வூட்ல தலை முழுவிட்டு வர்றீங்க?"

"ஆராய்ச்சி" என்றேன்.

"இருக்கற நாலு முடிக்கு ஆராய்ச்சியா? எவ அவ?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. பத்தியத்தை அந்தக் குழம்பிலேயே கரைத்துக் குடித்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். ஆராய்ச்சி என்றால் ஆழமாகச் செய்ய வேண்டாமா? நன்றாகத் தூக்கம் வந்தது என்பது தனி விஷயம். அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கொடுத்தது.

அஞ்சலையும் அவள் மகள் பவித்ராவும் எங்களிடம் வந்தது அந்த நாட்களில்தான். குருசுக்குப்பத்தில் வீடு. புருஷன் படகில் போகிறவர். அஞ்சலை விடிவதற்குள் மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் உட்கார்ந்துவிடுவாள். பவித்ராவுக்கு எட்டு வயது. வகுப்பில் உட்காரமாட்டாள். பாடம் நடக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். பென்சிலை எல்லாம் கடித்துத் துப்பிவிடுவாள். அரைப்பரீட்சைக்குள் அவள் ஒழுங்காக உட்காரவில்லை என்றால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"என்னாட்டம் இவளும் கூடை தூக்கணுமா சார்? நாலு எழுத்து படிச்சி ஒரு ஃபேன் காத்துல உக்காரட்டும். எப்பிடியாவது அந்த பள்ளிக்கூடத்துல நிக்க வச்சிடுங்க" என்றாள் அஞ்சலை.

எழுத்துகள் நிறைந்த ஒரு தாளைக் கொடுத்து, அதில் 'ப' வருகிற இடத்தையெல்லாம் வட்டமிடச் சொன்னேன். முதல் வரியில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். இரண்டாம் வரியில் ஒரு 'ப'வுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தாள். மூன்றாம் வரியில் மேசைக்கு அடியில் இருந்தாள். எல்லாம் பார்த்துவிட்டு மதாம் மாத்திரை எழுதினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளை முன்வரிசைக்கு மாற்றச் சொன்னேன். வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கும் முறையை அஞ்சலைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த முறை வந்தபோது தாளின் கடைசி வரிவரை வட்டமிட்டாள். என் தலையில் முடி முளைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் எடை குறைந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தார்கள். பசியை மந்தப்படுத்துகிற மாத்திரைதான் அது, எங்களுக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புவோம். இந்த அளவுக்குக் குறையக் கூடாது.

மதாம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இன்னொரு வாட்டி கொறஞ்சா மாத்திரைய நிறுத்திடுவேன், அஞ்சலை."

அவள் முகம் செத்துவிட்டது. மாத்திரை நின்றால் பவித்ரா ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஜன்னலுக்குப் போனால் பள்ளிக்கூடம் போச்சு.

"சாப்பாடு நல்லா சாப்புடறாளா? மீன் தின்றாளா?" என்றார் மதாம்.

"நல்லா கேட்டீங்க டாக்டரம்மா. எங்க வூட்ல மீனுக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள் அஞ்சலை. மீனவர் வீட்டில் போய் இதற்குமேல் யார் என்ன கேட்பார்கள்? மதாம் தலையாட்டிக்கொண்டார்.

பவித்ரா என் பக்கத்தில் வந்து கட்டைகளை எடுத்தாள். குனிந்தபோது அவள் தலையிலிருந்து வெட்டிவேரும் அந்தக் கசப்பும் அடித்தது. எனக்கு ஒரே குதூகலம். மாட்டிக்கொண்டாய் குமரவேலு! பிள்ளை இளைப்பதற்கு உன் எண்ணெய்தான் காரணம் என்று ஊரைக் கூட்டிவிடுகிறேன் பார். "மதாம், இந்தப் புள்ள வேற எங்கயோ போவுது. எண்ணெய் வாசனை அடிக்குது" என்றேன்.

மதாம் அருகில் வந்து முகர்ந்து பார்த்தார். "எனக்கு சும்மா தலைக்கு வெக்கற எண்ணெய் மாதிரிதான் இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வை கொஞ்சம் அதிக நேரமே என்மேல் நின்றது.

அஞ்சலை கதவுக்குப் போனபோது கேள்வி வந்தது. "வேற யார்கிட்ட காட்டறீங்க?"

"நெல்லித்தோப்புலம்மா. எண்ணெய் மட்டுந்தான். உள்ளுக்கு ஒண்ணும் குடுக்கல, சத்தியமா" என்று சொல்லிவிட்டுத் தாயும் மகளும் வெளியே போனார்கள்.

உள்ளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்போதுதான் என் மண்டைக்குள் அந்தப் பத்தியம் ஒலித்தது: மீனு மட்டும் கூடவே கூடாது. என்னைப் போன்ற ஆளுக்கு அது காற்றில் போகிற பேச்சு. அஞ்சலை அப்படி விடுகிறவள் இல்லை. மகளுக்காக எதையும் எழுத்துக்கு எழுத்து செய்கிறவள்.

இதை மதாமிடம் சொல்ல வேண்டும். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். வாரம் தவறாமல் எதிரியின் மடியில் தலை வைத்துக் குறட்டை விட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். நாட்டு வைத்தியர்களைப் பற்றி இந்த அறையில் நான் அடித்த கிண்டல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாளைக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். கதவின் கைப்பிடியைத் தொட்டேன்.

"அலோர், முசே..." கையெழுத்து நிற்கவில்லை, தலை நிமிரவில்லை. "நீங்க வேற யார்கிட்ட காட்டறீங்க?"

என்னத்தைச் சொல்ல. அந்தக் கதவுக்கு அப்படி ஒரு சக்தி. அண்ணன் பையன், எண்ணெய், குறட்டை, மீன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மதாம் கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை. "ஓடிப் போய் அஞ்சலைய கூப்புடுங்க" என்றார்.

வாசலில் பஸ் ஏறப்போனவளைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மீன் என்றதும் உடைந்துவிட்டாள். "ஆமாம்மா. அவரு கூடாதுன்னாரு, நிறுத்திட்டேன். இவளுக்கு வேற எதும் எறங்காது. வெறும் கொழம்ப ஊத்தினா தட்ட தள்ளிட்றா. காலைல நான் கெளம்பறப்பவே மாத்திரைய குடுத்துட்டுப் போயிட்றேன். எப்ப துன்றாளோ, எங்க துன்றாளோ."

"இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னா எண்ணெய நிறுத்தச் சொல்வீங்க. அவருகிட்ட சொன்னா மாத்திரைய நிறுத்தச் சொல்வாரு. எதுல புள்ள தேறும்னு எனக்கு இன்னா சார் தெரியும்? ரெண்டு வலையும் போட்டு வச்சேன்."

மதாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் இருக்கட்டும் என்றார். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு மட்டும் கொடு, மீனைக் கொடு என்றார். அஞ்சலை அதற்குத் தலையாட்டவில்லை. "பத்தியம் முறிஞ்சா புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுமேம்மா. அவரு வாயால சொன்னாதான்" என்றாள்.

"முசே போவாரு. அவருக்கு வழி தெரியும்" என்றார் மதாம்.

அன்று மாலையே போனேன். எண்ணெய்க்கு வராமல் வேறு விஷயமாக வந்திருக்கிறேன் என்று இழுத்தேன். குமரவேல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். அண்ணன் பையன் சௌக்கியமா?"

"நல்லாருக்கான்."

"மொத நாளே தெரியும் சார். சட்டைப் பையில ஆஸ்பத்திரி அட்டைய மாட்டிக்கிட்டே வந்து படுத்தீங்க."

விவரத்தைச் சொன்னேன். மாத்திரை என்றதும் அவர் முகம் வாடியது. "அவ மாத்திரை சாப்புடறாளா? என்கிட்ட அந்தம்மா சொல்லலையே. என் எண்ணெயாலதான் உக்கார்றான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன் சார்."

"நான் எங்க மாத்திரையாலன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவர் தாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்ககிட்ட பெரிய கட்டடம் இருக்குது. ஜுரம்னா ஒடனே ஊசி போடறீங்க. எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா சார்?" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் முடியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் மீன் விஷயத்தில் மசியவில்லை. "எங்க தாத்தா நாள்லேர்ந்து இருக்கற பத்தியம் சார். பத்தியம் இல்லன்னா ஜனங்க இதை மருந்துன்னே மதிக்காது."

"எடை சறுக்கிக்கிட்டே போவுது. இன்னொரு வாட்டி கொறஞ்சா மாத்திரைய நிறுத்திடுவாங்க. அப்பறம் பள்ளிக்கூடத்துல வச்சிக்க மாட்டாங்க. கூடைதான்."

அவர் எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டியைக் காரணமில்லாமல் நகர்த்தி வைத்தார். திரும்பி வந்தார். "வேற ஏதாச்சும் ஒண்ண கூடாதுன்னு சொல்லிட்டா சரியாப் பூடுமா?"

மறுநாள் அஞ்சலையிடம் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்: மீன் தாராளமாகத் தின்னலாம், பாகற்காய் மட்டும் ஆகாது. பவித்ரா துள்ளிக் குதித்தாளாம். எங்கள் பிரிவில் எத்தனை வருஷம் எத்தனை குழந்தைகளுக்குக் கட்டை அடுக்கிக் காட்டியிருப்பேன்! ஒரு பாகற்காயைத் தடை செய்து அந்த மனுஷன் ஒரே நாளில் அவள் மனசில் தெய்வமாகிவிட்டார்.

எடை ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் பவித்ராவே முள்ளைப் படித்துச் சொன்னாள். அரைப்பரீட்சையை முன்வரிசையில் உட்கார்ந்து எழுதினாள். நடுவில் ஒரே ஒரு முறை ஜன்னலுக்குப் போய்வந்தாளாம். தலைமையாசிரியை பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இடம் நிலைத்தது.

பரீட்சை முடிவு வந்த அன்று அஞ்சலை எங்கள் அறைக்கு ஒரு பாலித்தீன் பையோடு வந்தாள். "சாருக்கு" என்று என் கையில் கொடுத்தாள். நெத்திலி. பொடி நெத்திலி. நன்றாக அலசி, தலை கிள்ளி, அழகாகத்தான் கட்டியிருந்தாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல், "நெல்லித்தோப்புக்கும் குடுத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"குடுக்காம? ஒரு முழு வஞ்சிரம் குடுத்தேன் சார்" என்றாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு.

அன்று மாலைவரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தது யார்? சுயமரியாதையை விட்டுத் தூது போனது யார்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் நெத்திலியைக் கொடுத்துவிட்டுக் குறைகளைப் பாடிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. குமரவேல். ஒரு கையால் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உடம்பிலிருந்து முடிந்தவரை விலக்கி நீட்டியிருந்தார். அந்தக் கையில் ஒரு பெரிய பை. மூக்கை மறுபக்கம் திருப்பியிருந்தார்.

"சார், அந்தம்மா குடுத்துட்டாங்க. மறுத்தா மனசு சங்கடப்படும்னு வாங்கிட்டேன். நான் சைவம் சார். நீங்களே வச்சிக்குங்க."

என் மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவர் முடியைப் பார்த்தாள். "எவ்ளோ தங்கமான மனுசன்ல?" என்றாள்.

அந்த வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வறுத்துத் தின்றேன். அதுபோல ஒரு மீனை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. ஒவ்வொரு துண்டும் அந்த ஆளுக்கு வந்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.